திரைத் தொலைபேசியும் திறந்த மூல இணைப்பகமும்

தொலைபேசி என்றதும் நம் நினைவில் எழுவது குரல். காதுக்கு உரிய கருவியாகப் பிறந்த அது இன்று கண்ணுக்கும் உரியதாகிவிட்டது. சட்டைப்பையில் நாம் கொண்டு திரியும் கைத்தொலைபேசியைப் பற்றி இன்று நான் பேச வரவில்லை. கந்தோர் மேசையிலும், வைத்தியசாலையின் வரவேற்பிடத்திலும், வங்கியின் கருமபீடத்திலும் அமைதியாக வீற்றிருக்கும் மேசைத் தொலைபேசியே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

அந்தத் தொலைபேசியின் முகத்தில் ஒரு சிறு திரை இருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். நேரம், தேதி, அழைப்பவரின் இலக்கம் ஆகியவற்றை அது ஆங்கிலத்தில் காட்டும். பெரும்பாலான இடங்களில் அத்துடன் அதன் பணி முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தத் திரையில் என்ன தோன்றவேண்டும், பக்கத்தில் உள்ள விசையை அழுத்தினால் என்ன நிகழவேண்டும் என்பவற்றை அதை வைத்திருப்பவரே தீர்மானிக்கலாம் என்பது பலர் அறியாத செய்தி. அந்தத் தீர்மானத்தை நம் கையில் எடுத்துக்கொள்ள உதவுவதே திறந்த மூல இணைப்பகம் எனப்படும் மென்பொருள். நான் கலைப் பட்டதாரி. பொறியியல் பயின்றவன் அல்லன். ஆதலால் சூத்திரங்களை விடுத்து, ஒரு பாடசாலையை நடத்துபவனுக்கு எவ்வளவு தெரிந்தால் போதுமோ அவ்வளவையே விளக்க முயல்கிறேன்.

முதலில், இணைப்பகம் என்பது யாது? ஆங்கில வழக்கில் எக்ஸ்சேஞ்ச் என்பார்கள். சம்மாந்துறையிலே பிறந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. கல்லோயா நீர் வாய்க்கால் வழியே வருகிறது. எந்த வட்டைக்கு எப்போது எவ்வளவு நீர் போகவேண்டும் என்பதை மதகுதான் தீர்மானிக்கிறது. மதகின் திறப்பு யார் கையில் இருக்கிறதோ அவரே அந்தப் போகத்தின் தலைவிதியை ஓரளவுக்குக் கையில் வைத்திருப்பவர். தொலைபேசிக் குரலுக்கும் அத்தகைய மதகு ஒன்று உண்டு. ஓரிடத்திலிருந்து வரும் குரலை எந்த மேசைக்குத் திருப்புவது, அங்கே ஆள் இல்லாவிட்டால் எங்கே அனுப்புவது, இரவில் வரும் அழைப்பை என்ன செய்வது என்று முடிவு செய்வதே இணைப்பகத்தின் தொழில்.

இந்தத் திறப்பு யார் கையில் இருக்கவேண்டும் என்ற கேள்வி தொலைபேசி வரலாற்றிலே மிகப் பழையது. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் அல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர் பிரேத அடக்கத் தொழில் செய்துவந்தார். அக்காலத்தில் இணைப்பகத்தில் அமர்ந்திருக்கும் பெண்மணியே கம்பிகளை மாற்றிச் செருகி இணைப்புக் கொடுப்பார். தமக்கு வரவேண்டிய அழைப்புகள் போட்டி வியாபாரிக்குத் திருப்பப்படுகின்றன என்று ஸ்ட்ரௌஜர் சந்தேகித்தார் என்று சொல்வார்கள். அந்தச் சந்தேகத்தின் விளைவு, மனிதர் கை படாமல் தானே இணைக்கும் பொறி. அதற்கு அவர் 1891ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டிலேயே இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அத்தகைய முதலாவது தானியங்கி இணைப்பகம் இயங்கத் தொடங்கியது.

நூறாண்டுகளுக்கு மேல் கடந்தபின் அதே கேள்வி வேறு உருவில் எழுந்தது. கந்தோர்களுக்கென்று தனியாகச் சிறு இணைப்பகங்கள் விற்பனைக்கு வந்திருந்தன. அவை மூடிய பெட்டிகள். உள்ளே என்ன நடக்கிறது என்பது செய்த நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு இலக்கத்தை மாற்றவேண்டுமானாலும் அந்த நிறுவனத்தின் ஆள் வரவேண்டும். வந்தவருக்குக் கூலியும் கொடுக்கவேண்டும். 1999ஆம் ஆண்டில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஓபர்ன் பல்கலைக்கழக மாணவராக இருந்த மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு உதவி வழங்கும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். வாடிக்கையாளர் அழைப்புகளைப் பகிர்ந்தளிக்க ஓர் இணைப்பகம் தேவைப்பட்டது. அதன் விலையோ அவருடைய கையிருப்புக்கு எட்டாததாக இருந்தது. எனவே சாதாரணக் கணினியையே இணைப்பகமாக மாற்றும் மென்பொருளைத் தாமே எழுதத் தொடங்கினார். அதற்கு ஆஸ்டரிஸ்க் என்று பெயரிட்டார். தொலைபேசி விசைப்பலகையின் கீழ்வரிசையில் இருக்கும் நட்சத்திரக் குறியின் பெயர் அது.

ஜிம் டிக்சன் என்ற பொறியியலாளர், தொலைபேசிக் கம்பியைக் கணினியோடு இணைக்கும் மலிவான அட்டை ஒன்றை வடிவமைத்து, அதன் வடிவமைப்பையும் எல்லோருக்கும் திறந்து வைத்தார். மெக்சிக்கோவில் உழவர்களின் நிலவுரிமைக்காகப் போராடிய சப்பாட்டாவின் பெயரை அத்திட்டத்துக்குச் சூட்டினார். இவ்விரண்டும் இணைந்தன. ஸ்பென்சரின் நிறுவனம் பின்னர் டிஜியம் என்று பெயர் மாறிற்று. ஆஸ்டரிஸ்கின் 1.0 பதிப்பு 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2018ஆம் ஆண்டில் சங்கோமா என்ற கனேடிய நிறுவனம் டிஜியத்தை வாங்கியது. உரிமையாளர் மாறியபோதும் மென்பொருளின் மூலநிரல் யாவருக்கும் திறந்தே இருக்கிறது. திறந்த மூலம் என்பதன் உட்பொருள் இதுவே. யாரும் அதனைப் பெற்றுக்கொள்ளலாம், படித்துப் பார்க்கலாம், தம் தேவைக்கேற்பத் திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்கு வழங்கும்போது அதன் மூலத்தையும் சேர்த்து வழங்கவேண்டும். காசு வாங்காமல் கிடைக்கிறது என்பது அதன் சிறிய நன்மை. மதகின் திறப்பு ஊராரின் கைக்கு வருகிறது என்பதே பெரிய நன்மை.

இனி, குரல் எவ்வாறு கணினி வழியே செல்கிறது என்று பார்ப்போம். நாம் பேசும்போது எழும் ஒலியலையைத் தொலைபேசி ஒரு வினாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதிக்கொள்கிறது. இவ்வெண்களை ஒரு வினாடிக்கு 50 பொதிகளாகக் கட்டி வலையமைப்பின் வழியே அனுப்புகிறது. ஒவ்வொரு பொதியிலும் 160 எண்கள் இருக்கும். மறுமுனையில் உள்ள கருவி பொதிகளை அவிழ்த்து, எண்களை மீண்டும் ஒலியாக்குகிறது. கடிதக்கூட்டில் இட்ட கடிதம்போல் குரல் பயணம் செய்கிறது எனலாம். வேறுபாடு, இங்கே ஒரு வினாடிக்குள் ஐம்பது கடிதங்கள் போய்ச் சேர்ந்தாகவேண்டும்.

குரல் செல்வதற்கு முன்னர் இரு தொலைபேசிகளும் ஒன்றையொன்று அறிந்து உடன்பாடு காணவேண்டுமல்லவா? அதற்கென்று வகுக்கப்பட்ட பொது நடைமுறைக்கு சிப் என்று பெயர். ஹென்னிங் சுல்ஸ்ரின், மார்க் ஹேண்ட்லி முதலிய அறிஞர்கள் 1996ஆம் ஆண்டு முதல் உருவாக்கி, 1999இல் முதல் வடிவிலும் 2002இல் திருத்திய வடிவிலும் வெளியிட்டார்கள். இந்நடைமுறையின் சிறப்பு யாதெனில், கருவிகள் பரிமாறும் செய்திகள் மனிதர் வாசிக்கக்கூடிய எழுத்துகளாகவே இருப்பதாகும். ஒரு தொலைபேசி "அழைக்கிறேன்" என்று செய்தி அனுப்பும். மறுமுனையில் மணி ஒலித்தால் 180 என்ற எண்ணோடு பதில் வரும். எடுத்துவிட்டால் 200, வேறு பேச்சில் இருந்தால் 486, அப்படி ஒருவரே இல்லையென்றால் 404. பேச்சு முடிந்ததும் "விடைபெறுகிறேன்" என்ற செய்தி. சங்கேதமில்லாத இந்த உரையாடலைக் கணினித் திரையில் வாசித்து, எங்கே பிழை நேர்ந்தது என்று ஒரு மாணவனும் கண்டுபிடிக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு பாடசாலையில் ஐந்து தொலைபேசிகள். அதிபர் அறைக்கு 101, அலுவலகத்துக்கு 102, ஆசிரியர் ஓய்வறைக்கு 103, ஆய்வுகூடத்துக்கு 104, வாயில் காவலருக்கு 105. இவற்றை நிர்வகிக்கப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. 2012ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளிவந்த ராஸ்பெரி பை போன்ற, உள்ளங்கையில் அடங்கும் கணினியே போதும். அதில் உள்ள ஆஸ்டரிஸ்கிடம் நாம் வரிவரியாகக் கட்டளை எழுதுகிறோம். "101க்கு அழைப்பு வந்தால் 20 வினாடி மணி ஒலிக்கவிடு, எடுக்காவிட்டால் 102க்குத் திருப்பு, அங்கும் எடுக்காவிட்டால் செய்தியைப் பதிந்துகொள்." இவ்வளவே. இதனை அழைப்புத் திட்டம் என்பார்கள். எழுதியது பிடிக்காவிட்டால் அழித்து மாற்றி எழுதலாம். வெளியுலகத்தோடு பேசுவதற்கு மாத்திரம் அனுமதி பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் இணைப்பு வேண்டும்.

இப்போது திரைக்கு வருவோம். நிரல் எழுதத்தக்க திரைத் தொலைபேசி தனக்குள் அதிகம் எதையும் வைத்திருப்பதில்லை. நாம் ஒரு விசையை அழுத்தியதும் அது சேவைக் கணினியை நோக்கி, "இந்த விசையை அழுத்தினார்கள், என்ன காட்டவேண்டும்?" என்று கேட்கிறது. கணினி ஒரு சிறிய பக்கத்தை விடையாக அனுப்புகிறது. அந்தப் பக்கத்தில் தலைப்பு இது, வரிகள் இவை, ஒவ்வொரு வரியையும் தெரிவு செய்தால் அடுத்துப் போகவேண்டிய இடம் இது என்று எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டு முறையில் எழுதப்பட்டிருக்கும். தொலைபேசி அதனை வாசித்துத் திரையில் வரைகிறது. சிஸ்கோ நிறுவனத்தின் 7960 என்ற தொலைபேசியும், ஆஸ்ட்ரா என்ற கனேடிய நிறுவனத்தின் தொலைபேசிகளும் இம்முறைக்கு நன்கு அறியப்பட்டவை. ஆஸ்ட்ரா 2014ஆம் ஆண்டில் மைட்டெல் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. ஆஸ்டரிஸ்கை வளர்த்த டிஜியம் நிறுவனமும் 2012ஆம் ஆண்டில், திரைக்கு நிரல் எழுத இடங்கொடுக்கும் தொலைபேசிகளை வெளியிட்டது.

இதனால் பாடசாலைக்கு என்ன பயன்? காலையில் ஆசிரியர் ஓய்வறைத் தொலைபேசியின் முதலாவது விசையை அழுத்தினால், இன்று வராத ஆசிரியர்களின் பாடவேளைகளுக்கு யார் பதிலாகச் செல்லவேண்டும் என்ற பட்டியல் திரையில் தோன்றும். இரண்டாவது விசை பரீட்சை நேரசூசியைக் காட்டும். பெற்றோர் ஒருவர் வெளியிலிருந்து அழைத்தால், கணினி அந்த இலக்கத்தைப் பதிவேட்டில் தேடி, பிள்ளையின் வகுப்பை அலுவலகத் திரையில் காட்டும். "யார் பேசுவது? எந்த வகுப்பு? என்ன பெயர்?" என்று வெயிலில் நிற்பவரை விசாரிப்பதுபோல் தாயொருத்தியை விசாரிக்காமல், "சொல்லுங்கள் உம்மா, எட்டாம் வகுப்புப் பிள்ளை பற்றியா?" என்று எழுதுவினைஞர் பேச்சைத் தொடங்கலாம். தகப்பன்மார் மத்திய கிழக்கில் உழைக்க, வீட்டுப் பொறுப்பு முழுவதையும் தாய்மார் சுமக்கின்ற ஊர்களில் இந்தச் சிறு மரியாதை சிறிய விஷயமன்று.

நேயர்களே, இங்கேதான் நம் மொழியின் பிரச்சினை எழுகிறது. திரையில் எழுதலாம் என்று சொன்னேன். தமிழில் எழுதலாமா? பழைய மேசைத் தொலைபேசிகள் பலவற்றுக்கு ஆங்கிலமும் ஐரோப்பிய எழுத்துகளுமே தெரியும். கணினிகளுக்கான யூனிகோடு முறையில் 1991ஆம் ஆண்டிலிருந்தே தமிழுக்கு இடமுண்டு. எனினும் எழுத்துக்கு எண் இருப்பது வேறு. அதைச் சரியாக வரைவது வேறு. "பரீட்சை" என்ற சொல்லின் இறுதி எழுத்தைப் பாருங்கள். கணினி அதனைச் சகரம் முதலிலும் ஐகாரக் குறி பின்னருமாகச் சேமித்து வைக்கிறது. எழுதும்போதோ அந்தக் குறி சகரத்துக்கு முன்னால் வரவேண்டும். "கொ" என்று எழுதும்போது ககரத்தின் இருபுறமும் குறிகள் நிற்கவேண்டும். எழுத்தை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க மட்டுமே தெரிந்த கருவி, குறியை ஓரிடத்திலும் எழுத்தை வேறிடத்திலும் எறிந்துவிடும். அல்லது வெறும் கட்டங்களைக் காட்டும்.

இதற்கு வழி உண்டா? உண்டு. அந்த வழி திறந்த முறைக்கே உரியது. தொலைபேசிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் படம் காட்டத் தெரியும். முன்னர் சொன்ன 7960 தொலைபேசி, குறுக்கே 133, நெடுக்கே 65 புள்ளிகள் கொண்ட படத்தை நான்கு சாயல்களில் காட்டவல்லது. மொத்தம் 8,645 புள்ளிகள். தமிழ் நன்கு தெரிந்த சேவைக் கணினி, வரியை முதலில் தானே அழகாக எழுதி, அதனைப் படமாக்கி அனுப்பினால், தொலைபேசி அதைப் படமென்று எண்ணி அப்படியே காட்டும். ஒரு வரிக்கு 16 புள்ளி உயரம் என்று கொண்டால் நான்கு வரிகள் தாராளமாக அடங்கும். தனக்குத் தெரியாத மொழியைக் கருவி ஓவியமாகச் சுமந்து வருகிறது. அண்மைக் காலத்தில் அன்ட்ராய்டு முறையில் இயங்கும் மேசைத் தொலைபேசிகளும் வந்துவிட்டன. அவற்றில் தமிழை நேராகவே எழுதலாம். ஆயினும் கையில் இருக்கும் பழைய கருவியையும் தமிழ் பேசவைக்க முடியும் என்பது செலவுக்கு அஞ்சும் நிறுவனங்களுக்கு நற்செய்தி.

கண்ணுக்குச் சொன்னது காதுக்கும் பொருந்தும். இணைப்பகம் அழைப்பவரோடு குரலிலும் பேசும். "உங்கள் வரிசை எண் இருபத்தைந்து" என்பதுபோன்ற வாக்கியங்களை முன்பே பதிந்து வைத்த துண்டுகளைக் கோத்து அது சொல்கிறது. ஆங்கிலத்தில் 1 முதல் 999 வரை சொல்வதற்கு, ஒன்று முதல் பத்தொன்பது வரை 19 துண்டுகளும், இருபது முதல் தொண்ணூறு வரை 8 துண்டுகளும், நூறு என்ற சொல்லுக்கு ஒன்றுமாக 28 பதிவுகள் போதும். தமிழில் அவ்வாறு வெட்டி ஒட்ட முடியாது. "இருபது ஐந்து" என்று நாம் சொல்வதில்லை; "இருபத்தைந்து" என்கிறோம். "நூறு" தனியே நிற்கும். பின்னால் எண் வந்தால் "நூற்று" ஆகும். தொள்ளாயிரம் "தொள்ளாயிரத்து" ஆகும். ஆகவே 1 முதல் 99 வரை ஒவ்வோர் எண்ணையும் முழுதாகப் பதிந்து, நூறு முதல் தொள்ளாயிரம் வரை ஒன்பதுக்கும் இவ்விரண்டு வடிவங்களைப் பதிந்தால், 117 பதிவுகளில் வேலை முடிந்துவிடும். நல்ல குரல் வளமுள்ள ஓர் ஆசிரியைக்கு அஃது ஒரு பிற்பகல் வேலை. மூடிய பெட்டியாக இருந்தால் ஆங்கில இலக்கணத்தில் தமிழைப் பேசும் இயந்திரத்தைச் சகித்துக்கொள்ளவேண்டியதுதான். மூலம் திறந்திருப்பதால் நன்னூல் படித்தவரும் கணினி படித்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து இவ்விதியை எழுதிச் சேர்க்கலாம்.

இவையெல்லாம் வசதிக்கும் அழகுக்குமான செய்திகள் என்று சிலர் எண்ணக்கூடும். வசதிக்கு மேற்பட்ட தேவையும் நமக்கு உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோது கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவுக் கரைகள் அடைந்த அழிவு நம் மனத்தை விட்டு நீங்காது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை அடித்துச் சென்று, வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களின் உயிரைப் பறித்த துயரமும் நீங்காது. தொலைபேசி ஒன்று இருந்திருந்தால் இவற்றைத் தடுத்திருக்கலாம் என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சாகும். எனினும் நிறுவனமொன்றை நடத்துபவர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எச்சரிக்கை வாயிலை வந்து சேர்ந்தபின், அது உள்ளே உள்ள ஒவ்வோர் அறைக்கும் எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரும்? எந்த மொழியில் போய்ச் சேரும்?

திரைத் தொலைபேசி கேட்டால்தான் பதில் சொல்லும் என்பதில்லை. கேளாமலே சேவைக் கணினி அதன்மீது செய்தியை ஏவலாம். அதிபர் அறையில் ஒரு விசை அழுத்தப்பட்டதும், எல்லாத் தொலைபேசிகளும் ஒருமித்து ஒலித்து, "வீதியில் வெள்ளம். மறு அறிவித்தல் வரை பிள்ளைகளை வெளியே விடவேண்டாம்" என்று திரையில் தமிழில் காட்டுமாறு செய்யலாம். வகுப்பறைதோறும் ஓடிச் சொல்லும் பிள்ளை வழியில் செய்தியை மாற்றிவிடுவதுண்டு. எழுத்தில் வருவது மாறுவதில்லை.

அவ்வாறு பயன்படவேண்டுமானால் மின்சாரம் நின்றாலும் தொலைபேசி நிற்கக்கூடாது. பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்கு இணைப்பகத்தின் மின்கலமே மின்சாரம் கொடுத்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் அது பேசிற்று. புதிய தொலைபேசி அவ்வாறன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டை நம் நாடு அனுபவித்ததே. அத்தகைய நாளில் முறையாக அமைக்காத இணைப்பகம் ஊமையாகிவிடும். 2003ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஒரு தரமுறையின்படி, குரல் வரும் அதே வலைக்கம்பியின் வழியே தொலைபேசிக்கு மின்சாரமும் அனுப்பலாம். அப்போது ஒவ்வொரு மேசைக்கும் தனி மின்கலம் தேவையில்லை. கம்பிகள் யாவும் கூடும் இடத்தில் ஒரு நல்ல மின்கலத்தை வைத்தால், கணினியும் தொலைபேசிகளும் சேர்ந்து பிழைத்துக்கொள்ளும். வெளி இணைப்பை வழங்கும் கருவிக்கும் அதே மின்கலத்திலிருந்து மின்சாரம் கொடுக்க மறக்கலாகாது.

நன்மையைச் சொன்னவன் தீமையையும் சொல்லவேண்டும். திறப்பு நம் கையில் இருக்கிறது என்றால் காவலும் நம்முடையதே. இணையத்தை நோக்கித் திறந்துவிடப்பட்ட இணைப்பகத்தின் கதவை, கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் உலகின் எங்கெங்கிருந்தோ ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். 101ஆம் தொலைபேசிக்கு 101 என்றே கடவுச்சொல் வைத்தால், ஓரிரவுக்குள் முன்பின் அறியாதவர்கள் நம் செலவில் தூரதேசங்களுக்குப் பேசிவிடுவார்கள். ஆகவே நீண்ட கடவுச்சொல் வைத்தல், தேவையில்லாவிட்டால் வெளிநாட்டு அழைப்பை அடியோடு நிறுத்துதல், முன்கூட்டிச் செலுத்திய தொகைக்கு மேல் செலவாகாத இணைப்பைப் பெறுதல் ஆகிய மூன்றும் கட்டாயம்.

இரண்டாவது, அவசர இலக்கங்கள். பொலிசுக்கு 119, நோயாளர் வண்டிக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. வெளி இணைப்புக்கு முதலில் 9ஐ அழுத்தவேண்டும் என்று அழைப்புத் திட்டத்தில் எழுதியிருந்தாலும், பதற்றத்தில் இருப்பவர் அதனை மறந்து 1990 என்றே அழுத்துவார். அதுவும் நேராகச் செல்லும்படி எழுதி, சோதித்தும் பார்த்துவிடவேண்டும்.

மூன்றாவது, பிள்ளைகளின் விபரம். பெற்றோரின் இலக்கமும் பிள்ளையின் பெயரும் திரையில் தோன்றுமானால், அந்தத் திரையை யார் யார் பார்க்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. தனிநபர் தரவுகளைக் காப்பதற்கென 2022ஆம் ஆண்டில் நம் பாராளுமன்றம் 9ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் ஒருபுறமிருக்க, வாயில் காவலரின் திரைக்கு அந்த விபரம் வேண்டியதில்லை என்பதைப் பொதுவறிவே சொல்லும்.

நான்காவது, திரைகளிடையே உள்ள வேற்றுமை. குரலுக்குப் பொது நடைமுறை இருப்பதால் எந்த நிறுவனத்தின் தொலைபேசியும் ஆஸ்டரிஸ்கோடு பேசும். திரைக்கு அத்தகைய பொதுமொழி இல்லை. சிஸ்கோவுக்கு எழுதிய பக்கம் ஆஸ்ட்ராவுக்குப் புரியாது. ஆகவே பாடவேளைப் பட்டியல் போன்ற செய்திகளைத் தனியே ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, தொலைபேசிக்கேற்ப வடிவத்தை மட்டும் கடைசியில் மாற்றும்படி நிரலை அமைப்பது அறிவுடைமை. அவ்வாறு செய்தால் நாளை வேறு தொலைபேசி வாங்கும்போது பழைய உழைப்பு வீணாகாது.

ஐந்தாவது எல்லாவற்றிலும் பெரிது. ஒருவருக்கு மட்டும் தெரிந்த திறந்த முறையும் மூடிய முறையே. ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் எல்லாவற்றையும் அமைத்துவிட்டு இடமாற்றம் பெற்றுச் சென்றால், மறுமாதம் இணைப்பகம் யாரும் தொட அஞ்சும் பெட்டியாகிவிடும். எந்தக் கட்டளை எதற்காக எழுதப்பட்டது, கடவுச்சொற்கள் யாருடைய பொறுப்பில் உள்ளன, பழுதானால் முதலில் எதைப் பார்ப்பது என்பவற்றைத் தமிழில் ஒரு கொப்பியில் எழுதி வைப்பதும், குறைந்தது மூவருக்காவது பழக்கிவிடுவதும் தொலைபேசி வாங்குவதைவிட முக்கியமானவை.

இவ்வளவு பெரிய காரியம் நம்மவர்க்கு ஆகுமா என்று ஐயுறுவோர்க்கு இரண்டு சான்றுகள் கூறுவேன். இந்தியாவின் சத்தீஸ்கர் மாநிலத்தில் 2010ஆம் ஆண்டில் சிஜிநெட் ஸ்வரா என்ற குரல்வழிச் செய்திச் சேவை தொடங்கப்பட்டது. நாளேடும் வானொலியும் தங்கள் மொழியில் கிடைக்காத பழங்குடி மக்கள், சாதாரணத் தொலைபேசியில் அழைத்துத் தம் ஊர்ச் செய்தியைத் தம் வாயாலேயே பதிந்து வைக்கவும், பிறர் பதிந்ததைக் கேட்கவும் அது வழி செய்தது. அங்கே ஒலித்த மொழிகளுள் ஒன்று கோண்டி. நம் தமிழுக்கு உறவான திராவிட மொழி. அந்தச் சேவையின் அடித்தளமாக அமைந்தது இதே ஆஸ்டரிஸ்க்.

மற்றச் சான்று நம் நாட்டினுடையது. 2004 கடற்கோளை அடுத்த சில வாரங்களுக்குள், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்வதற்காக இலங்கையின் கணினித் தொண்டர்கள் சஹானா என்ற மென்பொருளை எழுதி, அதனைத் திறந்த மூலமாக உலகுக்கு அளித்தார்கள். 2005ஆம் ஆண்டுப் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் 2006ஆம் ஆண்டுப் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநலப் பரிசும் அதற்குக் கிடைத்தது. துயரத்தில் பிறந்த நம் நாட்டு நிரல் பிறருடைய துயரத்துக்குத் துணை நின்றதற்குக் காரணம், அது பூட்டப்படாமல் இருந்தமையே.

சம்மாந்துறையில் தொழினுட்பக் கல்லூரி இருக்கிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் இங்கேயே இருக்கிறது. கணினி அறிந்த இளைஞர்களுக்கு நம் ஊரில் குறைவில்லை. அவர்களுள் நால்வர், விடுமுறை நாள்களில் ஒரு பாடசாலையிலோ வைத்தியசாலையிலோ ஐந்து தொலைபேசிகளை இவ்வாறு அமைத்துப் பார்க்கட்டும். ஆசிரியர்கள் சொற்களைத் தெரிந்து கொடுக்கட்டும். ஓர் ஆசிரியை அந்த 117 எண்களையும் தம் குரலில் பதிந்து கொடுக்கட்டும். முதலில் இரண்டே தொலைபேசிகளை ஒன்றோடொன்று பேசவைப்பது போதும். திரையில் பாடசாலையின் பெயரை மட்டும் தமிழில் வரவழைப்பது அடுத்த படி. அந்தப் பெயர் பிழையில்லாமல் தோன்றும்வரை முயலுங்கள். மற்றவை ஒவ்வொன்றாகக் கைகூடும்.